செங்கல்பட்டில் உதிர்ந்தது, டர்பனில் ஊன்றியது

திருமழிசை ஆழ்வாருக்கு ஊர்தான் பெயர். பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் பிறந்து பிரம்புப் புதரில் விடப்பட்ட குழந்தை என்றும், பிரம்பு அறுக்கப் போன திருவாளனும் அவர் மனைவி பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தார்கள் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. பெற்றவர் பெயரும் உண்டு, வளர்த்தவர் பெயரும் உண்டு. ஆனால் அவரை அடையாளம் காட்ட இரண்டுமே தேவைப்படவில்லை. பக்திசாரர் என்ற வடமொழிப் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அவர் மழிசைப்பிரான். தை மகத்தில் அவர் திருநட்சத்திரம் வரும்போது, ஜெகந்நாதப் பெருமாள் கோயில் தெருவில் கூப்பிடப்படுவது ஊரும் ஆளும் சேர்ந்த அந்த ஒரே பெயர்தான்.

தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதியில் ஒருவரை எதைக்கொண்டு அழைப்பது என்பதற்கு அந்தக் காலத்தில் பல வழிகள் இருந்தன. பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூரில் பிறந்தவர் அருண்மொழித்தேவர். பெரியபுராணம் பாடிய அவரைச் சேக்கிழார் என்றால்தான் நமக்குத் தெரியும். அது அவருடைய குடியின் பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே குடிப்பெயர் ஆளின் பெயரை மூடிவிட்டது. பச்சையப்ப முதலியாருக்குப் பட்டம் நின்றது. இரட்டையர்களான லட்சுமணசுவாமி, ராமசாமி முதலியார்களுக்கு ஆற்காடு முன்னே வந்தது, பட்டம் பின்னே வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் திரு.வி.க.வுடையது. 1883இல் செங்கல்பட்டு ஜில்லாவின் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர் அவர். ஆனாலும் குடும்பத்தின் பூர்வீகமான திருவாரூரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டார். அடுத்து அப்பா விருத்தாசலம். அதற்கடுத்துதான் கலியாணசுந்தரம், கடைசியில் முதலியார். ஒரே வரியில் மண், தகப்பன், தான், சமூகம் நான்கும் வந்துவிடும். பிற்காலத்தில் அந்த வரியிலிருந்து உதிர்ந்தது கடைசிச் சொல் மட்டும்தான். திருவாரூரும் விருத்தாசலமும் இன்றைக்கும் அந்த மூன்று எழுத்துக்குள் இருக்கிறார்கள்.

இதில் எதையும் நிரந்தரக் குடும்பப் பெயர் என்று சொல்ல முடியாது. ஊருக்குள்ளே இருப்பவனுக்கு ஊர்ப்பெயர் எதற்கு? இன்னார் மகன் என்றால் போதும். வெளியூர் போனால்தான் திருமழிசை முன்னால் வந்து நிற்கும். பத்திரத்தில் மட்டும் 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று முழுசாக எழுதுவார்கள். தலைமுறை மாறினால் முதலெழுத்து மாறும். தாத்தா பெயர் பேரனுக்கு வரும். அதனால் நடுவில் ஒரு தலைமுறை விட்டுப் பெயர்கள் திரும்பத் திரும்பச் சுற்றும். கேட்கிறவரையும் கேட்கும் இடத்தையும் பொறுத்துப் பெயர் நீளும், குறுகும். இந்த வழக்கத்தைத்தான் கப்பல் வந்து குலைத்தது.

மேற்கே வேலூர், ஆற்காடு பக்கத்திலிருந்து மதராஸுக்கு வரும் பெருஞ்சாலை ஸ்ரீபெரும்புதூர், திருமழிசை, பூந்தமல்லி என்றுதான் வந்துசேரும். இன்று பெங்களூர் நெடுஞ்சாலை என்கிறோம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் போட்டபோது அம்பத்தூர், ஆவடி வழியாக இன்னொரு பாதையும் கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் நிலமில்லாதவர்களையும் மழை பொய்த்த வருஷத்தில் நிலம் இருந்தும் பயனில்லாதவர்களையும் ஆள்கட்டிகள் இந்த வழிகளில்தான் மதராஸுக்குக் கூட்டிவந்தார்கள். அப்போது மதராஸில் துறைமுகம் கட்டப்படவில்லை. கரையிலிருந்து மசூலா படகில் ஏறி, அலையைத் தாண்டித்தான் கப்பலை அடைய வேண்டும். 1860 அக்டோபரில் அப்படி 340க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போன 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பனைத் தொட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அதுதான். 1911இல் இந்த ஏற்றுமதி நிற்பதற்குள் சுமார் 1,52,000 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல்.

ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு நேராகப் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று கட்டம் கட்டமாக எழுதினார்கள். டர்பன் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றிலுள்ள விவரங்களைத் தேடிப் பார்க்கும்படி தந்திருக்கிறது. பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும்: முனுசாமி, சின்னம்மா, வீராசாமி, எல்லம்மா. குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் இருக்கும். இந்தக் கட்டங்களை நான் கொடுமையின் ஆவணமாகத்தான் பார்க்கிறேன். ஒரு மனிதனின் இடது முழங்கால் தழும்பைக் குறித்துக்கொண்டது அவன் ஓடிப்போனால் பிடிப்பதற்காக. ஆனால் நான்காம் தலைமுறைப் பேத்திக்குத் தன் கிராமத்தின் பெயரைச் சொல்ல மிஞ்சியிருப்பதும் அதே கட்டங்கள்தான்.

ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு நேட்டாலில் பிள்ளை பிறந்தபோதுதான் சிக்கல் வந்தது. பிறப்பைப் பதியவும், பள்ளியில் சேர்க்கவும், நிலத்தைக் குத்தகைக்கு எழுதவும் ஆங்கில முறைப்படி கடைசிப் பெயர் வேண்டும். சிலர் தகப்பன் பெயரைக் கொடுத்தார்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆகி அங்கேயே நின்றுவிட்டார். இங்கேயாக இருந்தால் அவர் மகன் காலத்தில் முதலெழுத்தாகியிருப்பார், பேரன் காலத்தில் மறைந்திருப்பார். அங்கே அவர் ஐந்தாவது தலைமுறையின் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறார். வேறு சிலர் பட்டத்தைக் கொடுத்தார்கள். முதலி 'மூட்லி' ஆயிற்று. கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், நாயுடு 'நைடூ' ஆனார், நாயக்கர் 'நைக்கர்' ஆனார். பிள்ளையும் படையாச்சியும் ரெட்டியும் செட்டியும் ஏறக்குறைய அப்படியே போனார்கள்.

மூட்லி என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தொண்டை மண்டலத்து முதலியார் வீட்டு வாரிசுகள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. முதலி என்ற பட்டமே இங்கே ஒரே ஒரு சாதிக்கு உரியதாக இருந்ததில்லை. வேளாளரில் ஒரு பிரிவினர், நெசவு செய்த செங்குந்தர், அகமுடையாரில் சிலர் எனப் பலருக்கும் அது உண்டு. கப்பலில் கால் வைத்ததும் பழைய அடையாளத்தை உதறிப் புதுப் பட்டம் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. இங்கே சேரியில் நின்று பேச வேண்டியிருந்த ஒருவர் அங்கே மூட்லி என்றோ நைடூ என்றோ எழுதச் சொல்லியிருந்தால், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கடலைக் கடந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுவாகக்கூட இருந்திருக்கலாம்.

காந்தி தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதிய நூலில், மூன்று பவுண்டு தலைவரிக்கு எதிரான போராட்டத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாளிலேயே 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்த பெண்ணைக் குறிப்பிடுகிறார். வள்ளியம்மா ஆர். முனுசாமி முதலியார் என்பது அவர் எழுதிய பெயர். அதே பெண் தமிழ்நாட்டில் தில்லையாடி வள்ளியம்மை. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து அங்கேயே இறந்தவர், தில்லையாடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே தகப்பன் பெயரும் பட்டமும் பின்னால் சேர்ந்தன. இங்கே குடும்பத்தின் பூர்வீக ஊர் முன்னால் சேர்ந்தது. பெயர் வைக்கும் இரண்டு முறைகளும் ஒரே பெண்ணின் மீது படிந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அவரை நினைக்கும்போதெல்லாம் தில்லையாடி என்ற ஊரும் நினைவுக்கு வருகிறது. ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்வதன் வலிமை அது.

செங்கல்பட்டு ஜில்லாவில் கதை வேறு திசையில் போயிற்று. 1929 பிப்ரவரியில், அந்த ஜில்லாவுக்குப் பெயர் தந்த செங்கல்பட்டிலேயே, முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது. ஈ.வெ.ரா. அதற்கு முன்பே நாயக்கரை விட்டிருந்தார். அடுத்தடுத்து வந்தவர்களுக்குப் பட்டமில்லாத பெயர் பெருமையாகவும், பிறகு இயல்பாகவும் ஆயிற்று. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பலகைகளிலிருந்தும் சாதிப் பட்டங்கள் எடுக்கப்பட்டன. இன்று திருமழிசையில் இருபது வயதுப் பையன் யாரும் முதலியார் என்று கையெழுத்துப் போடமாட்டான். இந்தியாவில் வேறெந்த மாநிலத்தவரும் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் தங்கள் பெயரின் கடைசிப் பகுதியைத் தாங்களாகவே விட்டுக்கொடுக்கவில்லை. பட்டத்தை விட்டதால் சாதி போய்விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் வழக்கம் குறைந்தது. அது சின்ன விஷயமில்லை.

டர்பனில் அந்தப் பட்டத்துக்குச் சாதியின் கூர் போய்விட்டது. 1950இன் குழு வட்டாரச் சட்டத்தால் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டு சாட்ஸ்வொர்த்திலும் பிறகு ஃபீனிக்ஸிலும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு மொழி பெரும்பாலும் நழுவிவிட்டது, வீட்டில் ஆங்கிலம்தான். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். இவற்றோடு, தமிழ் என்று காட்டிக்கொள்ள மிஞ்சியது கடைசிப் பெயர். ஸ்டீவ் பிக்கோவோடு கறுப்பு உணர்வு இயக்கத்தில் நின்று, ராபன் தீவில் சிறை இருந்த ஸ்ட்ரினி மூட்லிக்கு அந்தப் பெயர் உயர்வையும் தரவில்லை, தாழ்வையும் தரவில்லை. அது அவர் குடும்பத்தின் பெயர், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து போன கோகிலா மூட்லி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நிறவெறியைத் தாங்காமல் வெளியேறியவர்களோடும், அது ஒழிந்தபின் வேலை தேடிப் போனவர்களோடும் இந்தப் பெயர் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் சிட்னிக்கும் போயிருக்கிறது. அங்கே மூட்லி என்று கேட்டதும் 'தென்னாப்பிரிக்காவா?' என்பார்கள், தொண்டை மண்டலம் யாருக்கும் நினைவு வராது.

எழுத்துக்கூட்டலை வைத்தே கப்பல் போன திசையைச் சொல்லிவிடலாம். 1903 முதல் மதராஸிலிருந்து ஆள் ஏற்றிய ஃபிஜியில் முதலியார் கிட்டத்தட்ட முழுசாகவே இருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களிடம் போனால் உருவம் மாறும்: மொரீஷியஸில் சின்னத்தம்பி 'சின்னதாம்பு', ரியூனியனில் வீரப்பிள்ளை 'விராப்புல்லே'. கரீபியக் கடலில் குவாதலூப் தீவுக்கு 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனார்கள். அங்கே இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவர் ஹென்றி சிதாம்பரோம், சிதம்பரம்தான் அது. அதே தீவிலிருந்து 'முத்துசாமி' என்ற கடைசிப் பெயரோடு அமெரிக்கா போன குடும்பத்தில் பிறந்தவர் கட்டடக் கலைஞர் ஜான் முத்துசாமி. 1970களின் தொடக்கத்தில் சிகாகோவில் 'எபனி' பத்திரிகைக்கு எழுந்த தலைமையகம் அவர் வடிவமைத்தது. அவர் மகள் ஜீன் முத்துசாமி-ஆஷ் புகைப்படக் கலைஞர், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் மனைவி. விம்பிள்டன் வென்றவரின் வீட்டில் முத்துசாமி! அந்த முதல் முத்துசாமியின் ஊர் எது என்று தேடினால் ஏதோ ஒரு பதிவேட்டின் கிராமக் கட்டத்தில் கிடைக்கக்கூடும். ஆனால் பெயரில் ஊர் இல்லை.

உள்ளே வந்த பெயர்களுக்கும் இதே விதிதான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது ஃபெர்னாண்டோ, கோமஸ், ரோட்ரிகோ, மச்சாடோ எல்லாம் தூத்துக்குடிக்கு வந்தன. போர்த்துக்கீசியரிடம் ஃபெர்னாண்டோ ஆளின் பெயர், அவன் மகன் ஃபெர்னாண்டஸ். இங்கே அந்த ஆள் பெயரே 'பர்னாந்து' என்று குடும்பப் பெயராகி இலங்கைக்கும் பரவிவிட்டது. ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1849இல் கவர்னர் கிளாவெரியா போட்ட உத்தரவின்படி அச்சடித்த பட்டியலிலிருந்து குடும்பங்களுக்குக் கடைசிப் பெயர் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று அங்கே ஒருவருக்கு ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய ரத்தம் என்று பொருளில்லை; வரி வசூலிப்பதற்கும் கணக்கெடுப்பதற்கும் வசதியாக ஒரு ஆட்சி செய்த வேலை அது. நேட்டால் பதிவேடும் அதே பசியால் பிறந்ததுதான்.

அந்தப் பசி இன்று திருமழிசைக்கே வந்துவிட்டது. பிரதான சாலையில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும், பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்ப ஒருவராவது வருவார். 'சர்நேம்' என்ற கட்டத்தில்தான் எல்லாரும் நின்றுபோவார்கள். கணினியில் தட்டச்சு செய்கிற பெண் அப்பா பெயரைப் போடட்டுமா என்று கேட்பார். "எங்க அப்பா பேரு எனக்கு எப்டிம்மா பேராகும்? இனிஷியல்னு போடும்மா" என்பார் வந்தவர். "இனிஷியல் எடுக்காதுண்ணே, விரிச்சுதான் போடணும்." கடைசியில் அப்பா பெயரையே போடுவார்கள், அல்லது வெறுமையாக விடுவார்கள். வெறுமையாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் கடைசிப் பெயராகி, முதற்பெயர் தெரியாதவர் என்பதற்கான மூன்றெழுத்து முன்னால் ஒட்டிக்கொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது, விமான டிக்கெட் எடுத்து வைத்திருந்த எத்தனையோ தமிழ்நாட்டுக்காரர்கள் தவித்துப்போனார்கள். 1860இல் மசூலா படகு ஏறியவருக்கு நேர்ந்ததுதான் இவர்களுக்கும் நேருகிறது. ஒப்பந்தக் கூலி என்ற இழிவு மட்டும் இல்லை. டொராண்டோவில் பிறக்கும் குழந்தைக்குத் தாத்தா பெயர் கடைசிப் பெயராகி, இனி மாறாமல் நிற்கும். தொண்டை மண்டலத்தில் சுற்றிச் சுற்றி வந்த பெயர் இன்னொரு முறை உறைகிறது.

என் வருத்தம் பட்டத்தைப் பற்றியதல்ல. அது போனது நல்லதே. ஊர்ப்பெயர் அதோடு சேர்ந்து போனதுதான் உறுத்துகிறது. காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை தலைமுறையில் முதலெழுத்து இரண்டு, இப்போது ஒன்று. சாதியைக் கழற்ற வேண்டிய கட்டாயம் இருந்தது. ஊரைக் கழற்றச் சொல்லி எந்த மாநாடும் தீர்மானம் போடவில்லை. படிவத்தில் இடமில்லை என்பதற்காக நாமே விட்டுவிட்டோம். ஊர்ப்பெயர் யாரையும் மேலே வைப்பதில்லை, கீழே தள்ளுவதில்லை. ஆழ்வாருக்கு அது போதுமானதாக இருந்தது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெற்றோர் கடைசிப் பெயர்க் கட்டத்தில் திருமழிசை என்றோ மாங்காடு என்றோ குத்தம்பாக்கம் என்றோ எழுதினால் சட்டம் தடுக்காது. நாலு தலைமுறைக்குப் பிறகு அங்கிருந்து ஒருவர் வேரைத் தேடினால் ஆவணக் காப்பகம் ஏறி இறங்க வேண்டியிருக்காது. ஆங்கிலத்தில் ழகரம் எப்படி ஆனாலும் ஆகட்டும். வரைபடத்தில் புள்ளி ஒன்று இருக்கும்.

வேர் தேடுகிற தென்னாப்பிரிக்கர்களுக்கு இங்கே காத்திருக்கும் தடை இன்னொன்று. அவர்கள் கையில் கிராமத்தின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலும் செங்கல்பட்டு ஜில்லா என்ற சொல்லும் இருக்கும். அந்த ஜில்லா இப்போது பல துண்டு. 1997இல் இந்தப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. கிராமத்திலோ சிட்கோ தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலை மேம்பாலமும் நிற்கும். மூட்லி என்று சொன்னால் யாருக்கும் புரியாது. முதலியார் என்று விளக்கிச் சொன்னால், அப்படிப் பெயர் போடுகிறவர் இப்போது யாரும் இல்லை என்பார்கள். தேடி வருகிறவர் அந்தப் பெயரை ஊருக்குச் சாவியாக நினைத்து வருகிறார். அது பொருந்தும் பூட்டு இங்கே எப்போதோ மாற்றப்பட்டுவிட்டது. உதவக்கூடியது தகப்பன் பெயரும் கிராமத்தின் பெயரும்தான். அதனால் எண்ணையும் கிராமக் கட்டத்தையும் முதலில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பட்டத்தை ஓரமாக வையுங்கள் என்பேன்.

தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் லைன் வீடுகளில் இப்போது வேறு பெயர்கள் குடியேறியிருக்கின்றன: பெஹரா, நாயக், சாஹு, மண்டல், தாஸ். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். கூட்டிவந்த மேஸ்திரிக்கும் நிறுவனத்துக்கும் வேண்டியது ஆதார் எண். வாடகைக்குப் பிடித்த அறையில் ஆறு பேர், எட்டு பேர். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ் எழுதப் படிக்கிறார்கள். சேர்க்கையின்போது ஆசிரியர் இனிஷியல் கேட்கிறார். அப்பா முழித்துவிட்டுக் கடைசிப் பெயரைச் சொல்கிறார். வருகைப் பதிவேட்டில் சில பிள்ளைகளுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், நாயக் பின்னால், இரண்டும் ஏறிவிட்டன. இங்கேயே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த ஊர் என்ற கட்டமும் இருக்கிறது. அதில் திருமழிசை என்று எழுதியிருக்கிறது.